தக்காளிக்கு இன்வாய்ஸ் எங்கே?

லீட் (LEED) என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழின் 2009 பதிப்பு நடப்பில் இருந்தபோது, எங்கள் சேலம் அலுவலகத்துக்கு அதை வாங்குகிறோம் என்று கேண்டீன் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள், மூன்று மாதமாக பில் தேடுவதே என் வேலையாக இருந்தது. அந்த லீட் 2009 விதி ஒன்றும் மோசமில்லை: இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வாங்கும் உணவு, பானங்களின் மொத்தச் செலவில் 25 சதவீதமாவது ஆர்கானிக், ஃபேர்டிரேட் மாதிரி முத்திரை உள்ளதாகவோ 100 மைலுக்குள், அதாவது சுமார் 160 கிலோமீட்டருக்குள், விளைந்து தயாரானதாகவோ இருக்க வேண்டும் என்றது.

சேலத்தில் இருந்துகொண்டு இதற்கு என்ன கஷ்டம்? ஏற்காட்டுக் காபியும் மிளகும் முப்பது கிலோமீட்டரில் கிடைக்கின்றன, காய்கறி உழவர் சந்தையில் விளைவித்தவர் கையிலிருந்தே வருகிறது. ஆனால் சான்றிதழ் வேலையைப் பார்த்த ஆலோசகர் ஒவ்வொன்றுக்கும் தேதி, எடை, விலை, விளைந்த ஊர் போட்ட ரசீது கேட்டார். விடிகாலையில் தக்காளிக் கூடையை இறக்கி வைக்கும் அம்மாவிடம் போய் இன்வாய்ஸ் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவருடைய உழவர் அட்டையைப் படம் எடுத்து, ஊர் பெயரை எழுதி, எங்கள் சமையல் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். "இது போதாது சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதே ஆள், எங்கிருந்தோ கப்பலில் வந்த முத்திரை போட்ட தேயிலைப் பெட்டியை ஒரே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார், அதற்கு பில் இருக்கிறதாம். எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் மளிகைக்கடை பில். அரிசி, பருப்பு, எண்ணெய், ஜவ்வரிசி எல்லாம் சேர்த்து "மளிகை சாமான்" என்று ஒரே வரி. செலவில் பெரும்பங்கு அதில்தான் போனது, ஜவ்வரிசி சேலத்திலேயே தயாராவது, ஆனால் தனியாக எழுதாததால் கணக்கில் ஏறவில்லை. கடைக்காரரிடம் மறுநாள் மறுபடியும் போய் நிற்க வேண்டியிருந்தது.