எம்.2 என்றாலே வேகம் இல்லை

"கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைவளாகத்தில் எந்த எம்.2 எஸ்எஸ்டி வாங்கினாலும் சரி, பழைய சாட்டாவைவிட ஆறு மடங்கு வேகம்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. எம்.2 என்பது எஸ்எஸ்டி, அதாவது கணினியில் தகவலைச் சேமிக்கும் அந்தச் சின்னப் பலகையின் வடிவமும் அது சொருகும் இடமும்தான். அதே வடிவத்தில், டிஸ்க் கணினியோடு பேசும் பழைய முறையான சாட்டாவும் வருகிறது, வேகமான புதிய முறையான என்விஎம்இயும் வருகிறது. சாட்டா எந்த உருவத்தில் வந்தாலும் விநாடிக்குச் சுமார் 550 எம்பியைத் தாண்டாது. நீங்கள் சொல்லும் ஆறு மடங்கு, பிசிஐஇ 3.0 என்ற இணைப்பில் நான்கு லேனும் (தகவல் போகும் பாதைகள்) கிடைக்கிற நல்ல என்விஎம்இக்குத்தான். அது விநாடிக்கு 3,500 எம்பி வரை போகும்.

கடையில் பலகையின் ஓரத்தில் உள்ள தங்க நிறப் பற்களைக் கவனியுங்கள். அவற்றுக்கு இடையே இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. சந்தேகம் என்றால் லேபிளைப் படித்துவிடுங்கள், விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்புறம் மதர்போர்டு, அதாவது எல்லாம் சொருகும் கணினியின் முதன்மைப் பலகை. சில போர்டுகளின் எம்.2 இடம் சாட்டாவை ஏற்கவே ஏற்காது. அங்கே சாட்டாவைச் சொருகினால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) டிஸ்க் தெரியாது. வேறு சிலவற்றில் அங்கே ஒன்றைச் சொருகினால் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால், அது கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் மேனுவலைப் புரட்டுங்கள்.