மஜ்ஜை ஊசிக்காக வளையலைக் கழற்றாதீர்கள்

இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களிடம் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) என்று சொல்லிக் காசு பறிப்பதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. பைபாஸும் செய்தாயிற்று, ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று, இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆனவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். என் பெரியப்பாவுக்கு எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து இதயத்தில் செலுத்தினால் சரியாகிவிடும் என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள். பணம் கட்டுவதற்காகப் பெரியம்மா வளையலைக் கழற்றிவிட்டார்.

2001-இல் இதய ஆராய்ச்சியாளர் பியரோ ஆன்வெர்சாவின் குழு, மஜ்ஜை செல்கள் சுண்டெலியின் செத்த இதயத் தசையை மீட்கும் என்று 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியது. அந்த ஆண்டே ஜெர்மனியில் மனிதர்களுக்குச் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். 2004-இல் அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள், இந்தச் செல்கள் இதயத் தசையாக மாறவே இல்லை என்று காட்டின. 2018-இல் ஆன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்ட் பல்கலைக்கழகம் சொன்னது.

பெரியப்பாவைப் போன்ற நாள்பட்ட நோயாளிகளிடமே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 92 பேர். சிலருக்கு அவர்களுடைய மஜ்ஜையிலிருந்தே பிரித்த 10 கோடி செல்கள் இதயத் தசைக்குள் போயின, மற்றவர்களுக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து இதயத்தின் அளவிலோ, உடற்பயிற்சியின்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனிலோ, ரத்த ஓட்டத்திலோ சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. 2012-இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் நல்ல பலன் சொன்ன ஆய்வுகள்? 2014-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் இதயத்துக்கு மஜ்ஜை செல் கொடுத்துப் பார்த்த 49 ஆய்வுகளை வரி வரியாகச் சரிபார்த்து, 600-க்கும் மேற்பட்ட முரண்பாடுகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தாத கணக்குகள், அட்டவணையில் ஒன்றும் படத்தில் இன்னொன்றுமாக எண்கள். முரண்பாடு அதிகமாக அதிகமாக பம்பிங்கும் அதிகமாகக் கூடியிருந்தது. முரண்பாடே இல்லாத ஆய்வுகளில் பலன் பூஜ்ஜியம். இதைப் படித்துவிட்டு எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக நடக்கட்டும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி, இதயத்துக்கு ஸ்டெம் செல் என்பதை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யவே கூடாது. ஆய்வு என்று சொன்னால் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி செய்ய ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. டாபாகிளிஃப்ளோசின் என்ற சாதாரண மாத்திரையை, பம்பிங் குறைந்த 4,744 பேரிடம் சோதித்தார்கள். மரணமும் குறைந்தது, ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்தது. இன்று மலிவான விலையில் கிடைக்கிறது. அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது, இது உங்கள் மருந்துச் சீட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.