“தினமும் யூஸ் பண்ணீங்களா மேடம்?”

மறுபடியும் உரிந்துவிட்டது. நான்ஸ்டிக் பேனின் நட்டநடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கோட்டிங் போய் அலுமினியம் பல்லிளிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிவந்த சங்கரா, மசாலா தடவி ஊறவைத்து, சிம்மில்தான் வைத்தேன். திருப்பும்போது தோல் முழுக்கப் பேனிலேயே நின்றுவிட்டது, சதை மட்டும் கரண்டியோடு வந்தது, அதன் மேல் கறுப்புக் கறுப்பாகச் செதில். மிளகு என்று நினைத்து என் மகள் அதைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் பார்த்துத் தட்டைப் பிடுங்குவதற்குள் ரெண்டு வாய் உள்ளே போயாகிவிட்டது.

இந்த நான்ஸ்டிக் சனியனோடு மல்லுக்கட்டாத வீடு எது, சொல்லுங்கள். வாங்கின புதிதில் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், வீடே சந்தோஷப்படும். கொஞ்ச மாசம் போனதும் ஒரு ஓரம் ஒட்டும். அப்புறம் நடு ஒட்டும். அப்புறம் எண்ணெய் தாராளமாக ஊற்றினால்தான் எதுவும் எழும்பி வரும் என்று ஆகும், எண்ணெயைக் குறைக்கத்தானே அதை வாங்கினோம்? கடைசியில் பரணுக்குப் போகும். தூக்கிப் போட மனசு வராது, கொடுத்த காசு மறக்காது இல்லையா.

இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை. பில்லை எடுத்தேன், வாரண்டி கார்டை எடுத்தேன், பேனைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டு, வாங்கின கடைக்கே போய் நின்றேன். கவுண்டரில் ஒரு பையன். பேனை வாங்கி டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் ஆரம்பித்தான்.

“எந்தக் கரண்டி மேடம் யூஸ் பண்ணீங்க?”

“மரக்கரண்டி.” இதே கடையில் பேனோடு சேர்த்து வாங்கினது.

“தோசைத்திருப்பி போட்டிருப்பீங்க.”

“போடல தம்பி.”

“வீட்ல வேற யாராச்சும் போட்டிருப்பாங்க.”

வேறு யார் இருக்கிறார்கள்? என் மாமியார். கீறல் விழுந்துவிடுமோ என்று அவர் அந்தப் பேனைத் தொடவே பயப்படுகிறார். அறுபது வருஷமாகச் சமைக்கிற மனுஷி, ஒரு வாணலியைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறார். அதையும் சொன்னேன். பையன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

“ஃபுல் ஃப்ளேம்ல வச்சீங்களா?”

“சிம்.”

“எப்பவுமே சிம்தானா?”

“எப்பவுமே சிம்தான்.”

“வெறும் பேனைக் காயவச்சீங்களா?”

“இல்லப்பா.”

“எதால கழுவுறீங்க?”

“ஸ்பாஞ்ச்.”

“பச்சை சைடா, மஞ்சள் சைடா?”

“மஞ்சள் சைடு.”

“சூடா இருக்கும்போதே தண்ணி ஊத்திட்டீங்களா?”

“ஆறவச்சுத்தான் கழுவுறேன்.”

“ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சீங்களா?”

“நடுவுல துணி போட்டுத்தான் வைக்கிறேன்.”

“புளி, தக்காளி போட்டு எதாவது செஞ்சீங்களா?”

புளியும் தக்காளியும் இல்லாமல் தமிழ்நாட்டில் என்னத்தைச் சமைப்பது? இதை அவனிடம் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “கேளும்மா, எனக்கும் இதே கதைதான்” என்றார். பையன் அசரவில்லை. பேனைக் கவுண்டரில் வைத்தான். கடைசிக் கேள்வியை எடுத்தான்.

“தினமும் யூஸ் பண்ணீங்களா மேடம்?”

“ஆமா.”

அவன் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “அதான் மேடம் பிரச்சனை. தினமும் யூஸ் பண்ணா கோட்டிங் போகத்தான் செய்யும்.”

அவன் தலைக்குப் பின்னால் அதே கம்பெனிப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொரு பெட்டியிலும் கொட்டை எழுத்தில், தினசரிச் சமையலுக்கு என்று போட்டிருக்கிறது. கையை நீட்டிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தான். “அது கம்பெனி போடுறது மேடம்” என்றான். அப்போது கல்லாவில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, இதெல்லாம் ஒரு வருஷம் வந்தாலே பெருசும்மா. புதுசு ஒண்ணு எடுத்துக்கோ, பத்து பர்சென்ட் குறைச்சுத் தரேன்.”

ஒரு வருஷம் வந்தாலே பெரிசு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 1,800 ரூபாய் வாங்கினீர்கள், இரண்டு வருஷ வாரண்டி என்று கார்டில் சீல் குத்திக் கொடுத்தீர்கள். அந்தக் கார்டை வெளியே வந்து ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்றுகொண்டு முழுக்கப் படித்தேன். கைப்பிடி உடைந்தால் வாரண்டி உண்டு. ஸ்க்ரூ கழன்றால் உண்டு. கண்ணாடி மூடிக்குக் கிடையாது. கோட்டிங் தேய்வது, கீறுவது, நிறம் மாறுவது, உரிவது எதுவும் இதில் அடங்காது என்று எறும்பு ஊர்கிற சைஸில் கடைசி வரி. நான் கைப்பிடிக்கா காசு கொடுத்தேன்? கோட்டிங் இல்லையென்றால் அது முந்நூறு ரூபாய் அலுமினியச் சட்டி. எதற்காக மிச்சக் காசு கொடுத்தோமோ அதற்கு மட்டும் பொறுப்பேற்க மாட்டார்களாம்.

இவ்வளவும் ஆன பிறகு, இந்தக் கோட்டிங் உண்மையிலேயே என்னதான் என்று உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க இன்னும் ஆத்திரம் வந்தது. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்கிற வேதியியலாளர் ஃப்ரிட்ஜுக்கு வேண்டிய வாயுவை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு சிலிண்டரில் வாயு வரவில்லை, ஆனால் எடை அப்படியே இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழவென்று வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். அதைச் சட்டிக்குக் கொண்டுவந்தவர் மார்க் கிரெகுவார் என்கிற பிரெஞ்சு இன்ஜினியர். முதலில் தூண்டில் நரம்பு சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அதைப் பூசிப் பார்த்தாராம், என் சமையல் சட்டிக்குப் பூசிக் கொடு என்று கேட்டது அவர் மனைவி. 1956-இல் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, இது நேற்று வந்த சரக்கு இல்லை. எவ்வளவு தாங்கும், எதில் போகும் என்று இதைச் செய்கிறவர்களுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும்.

எதுவும் ஒட்டாத பொருள் சட்டியிலும் ஒட்டாது, அங்கேதான் சிக்கலே. அலுமினியத்தைச் சொரசொரப்பாக்கி, அடியில் ஒரு பிரைமர் அடித்து, அந்தப் பள்ளங்களில் பிடித்து நிற்கும்படி மேலே பூசி, ஏறக்குறைய 400 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். எல்லா லேயரையும் சேர்த்தாலும் பெரும்பாலான பேன்களில் ஒரு தலைமுடித் தடிமன்கூட வராது. ‘மூன்று லேயர்’, ‘ஐந்து லேயர்’ என்று பெட்டியில் போடுவது இதைத்தான். சாதாரணமாக 260 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெறும் பேனைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிஷத்திலேயே அதைத் தாண்டிவிடும். ரொம்பச் சூடானால் வருகிற புகையில் கூண்டில் இருக்கிற பறவை செத்தே போகும். லவ் பேர்ட்ஸும் புறாவும் வளர்க்காத தெரு நம் பக்கத்தில் உண்டா? என் பெட்டியில் இதைப் பற்றித் தமிழில் ஒரு வரி இல்லை, நான் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

நாம் தோசை சுடுகிற முறையே வேறு. கல்லை நன்றாகக் காயவைப்போம், தண்ணீர் தெளித்துச் சுர்ரென்று கேட்டால் சூடு சரி, வெங்காயத்தை வெட்டித் தேய்ப்போம், மாவை ஊற்றுவோம். இதில் முதல் ரெண்டும் இந்தப் பேனுக்கு ஆகாது, வெறும் சூடும் ஆகாது, சூட்டில் பச்சைத் தண்ணீரும் ஆகாது. அதே பேனின் பெட்டியில் என்ன படம் போட்டிருக்கிறான் தெரியுமா? பொன்னிறத்தில் மொறுமொறு தோசை.

‘பி.எஃப்.ஓ.ஏ இல்லை’ என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் வேறு. அது இந்தக் கோட்டிங்கைத் தயாரிக்கும்போது உபயோகித்துக்கொண்டிருந்த ரசாயனம், கெட்ட சாமான்தான், 2023-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2015-க்குள்ளேயே அதை விட்டுவிட்டன. நல்லது, இல்லாமல் இருக்கட்டும். ஆனால் அந்த ஸ்டிக்கருக்கும் பேன் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிரானைட், மார்பிள் என்று விற்கிறார்களே, அதில் பலதும் இதே கோட்டிங்தான், மேலே புள்ளி தெளித்திருக்கிறார்கள். செராமிக் என்பது நிஜமாகவே வேறு, சூடு கூடுதலாகத் தாங்கும், ஆனால் வழுக்குகிற தன்மை இதைவிடச் சீக்கிரம் போய்விடும். உரிந்த செதிலை விழுங்கினால் அது செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும், பயப்பட வேண்டாம் என்கிறார்கள். சரி. என் பிள்ளை தட்டில் அது ஏன் விழ வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இப்போது சொல்வீர்கள், இரும்புக்கு மாறுங்கள் என்று. ஐயா, இரும்புத் தோசைக்கல் என் வீட்டில் இருக்கிறது, என் மாமியார் பழக்கி வைத்த கல், தோசைக்கு அதுதான். ஆனால் அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் முட்டைக்கும் மீனுக்கும் இந்தப் பேனைத் தேடி அலைகிறேன். வார்ப்பு இரும்பு பேன் நல்ல கனம், முட்டி தேய்ந்து கை நடுங்குகிற வயசில் அவர் அதை எப்படித் தூக்குவார்? அதுவும் கடல் காற்று அடிக்கிற தண்டையார்பேட்டையில் ராத்திரி எண்ணெய் தடவ மறந்தால் காலையில் துரு நிற்கும். எண்ணெய் குறைத்துச் சமைக்க வேண்டிய நோயாளி இருக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்கு இது ஆடம்பரச் சாமான் கிடையாது.

முன்பெல்லாம் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போனால், தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு ஈயம் பூசுகிறவர் வருவார். வாசலிலேயே துருத்தி வைத்து, நவச்சாரம் போட்டுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினார் என்றால் பாத்திரம் பளபளவென்று மறுபடியும் அடுப்பு ஏறும். பாத்திரம் தலைமுறைக்கு நின்றது, பூச்சு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இந்தக் கோட்டிங்கைத் தெருவில் யாரும் பூச முடியாது, அந்தச் சூடு ஃபேக்டரியில்தான் கிடைக்கும். சரி, விற்ற கம்பெனியாவது திரும்ப வாங்கிப் பூசிக் கொடுக்க வேண்டாமா? நல்ல கனமான அலுமினியம், இன்னும் இருபது வருஷம் உழைக்கும், அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடச் சொல்கிறார்கள். அந்தக் கடைக்காரரும் “கோட்டிங் சாமானுக்கு ரேட் கம்மிக்கா” என்கிறார்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தினமும் சமைத்தால் இவ்வளவு காலம்தான் வரும் என்று பெட்டியின் முன்பக்கத்தில் தமிழில் போடு. கோட்டிங்குக்கு வாரண்டி கொடு, அல்லது வாரண்டி என்கிற வார்த்தையை எடுத்துவிடு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்துவிட்டேன். நீங்களும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட ஃபீஸ் கிடையாது, 1,800 ரூபாய்க்கு எவன் அலைவான் என்று அவர்கள் நினைப்பதால்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

கம்பெனியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பேனை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள், சர்வீஸ் சென்டருக்கு. எங்கே இருக்கிறது சர்வீஸ் சென்டர்? கிண்டி தாண்டி. வட சென்னையில் கிடையாதா என்றால் கிடையாது என்கிறார்கள். விற்கிறதற்கு மட்டும் எம்.சி. ரோடு வேண்டும், பெரம்பூர் வேண்டும், திருவொற்றியூர் வேண்டும். சரி, போகலாம் என்று கிளம்பினால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது, பஸ் நகரவில்லை, ஆட்டோ உள்ளே நுழைய மாட்டேன் என்கிறான். எத்தனை வருஷமாக இந்தக் கொடுமையைப் பார்க்கிறோம்? பள்ளிக்கூட வேன் ரெண்டு டிரெய்லருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே சின்னப் பிள்ளைகள், பின்னாலேயே ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டிருக்கிறது, ஒரு போலீஸ்காரரைக்கூடக் காணோம். பேன் கிடக்கட்டும், இந்த லாரிகளுக்கு எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும், யாராவது பண்ணி எடுத்திருக்கிறார்களா, தெரிந்தவர்கள் முதலில் அதைச் சொல்லுங்கள்.