கதை வேறு, சூனியம் வேறு

ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகளின் பையைத் திறந்து, மந்திரவாதக் கதைப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழுவில் வந்த குரல் பதிவைக் கேட்டபிறகு முடியவில்லை. "மந்திரவாதக் கதை வாசிக்கிற வீட்டில் அசுத்த ஆவிக்குக் கதவு திறந்திருக்கிறது" என்றால், அது எந்த வீடு என்று கடலூரில் நம் சபையார் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நன்றி, பிரதர்.

சாக்கில் போன புத்தகங்களில் என் தங்கை மகள் வைத்திருந்தது, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதாசிரியர் டோல்கீன் எழுதியது. மனிதர் கடைசிவரை பக்தியான கத்தோலிக்கர். அவருடைய அம்மா கத்தோலிக்கரானதற்காக உறவினர்கள் பண உதவியையே நிறுத்தினார்கள். ஒருகாலத்தில் நாத்திகராக இருந்த, நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1931-இல் கிறிஸ்துவிடம் வந்ததில், நள்ளிரவு தாண்டியும் டோல்கீன் அவரோடு பேசிய பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. எதைப் பற்றிப் பேசினார்கள்? புராணக் கதைகளைப் பற்றி. ஒருவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவதை ஆத்தும ஆதாயம் என்று மேடையில் முழங்குகிறோமே, அதைச் செய்தவரைத்தான் சாக்கில் கட்டியிருக்கிறோம்.

கதை வேறு, சூனியம் வேறு. வேதாகமத்தில் உபாகமம் 18 தடுப்பது குறி கேட்பதையும் சூனியம் செய்வதையும். ஒரு பிள்ளை மொட்டை மாடியில் உட்கார்ந்து கதை படிப்பதை அல்ல.

மஞ்சக்குப்பம் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்ததும் தாத்தா மோட்சப் பிரயாணம் வாசிப்பார். மீன் செதில், வலுசர்ப்பத்தின் சிறகு, கரடிக் கால், சிங்க வாய் என்று அப்பொல்லியோன் என்ற கொடிய பூதம் வரும் இடத்தில் நான் பாட்டி சேலைக்குள் ஒளிந்துகொள்வேன். கரண்ட் வேறு போயிருக்கும். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட அதுவும் கற்பனைதானே? எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அதற்கு மட்டும் ஆமென். நியாயாதிபதிகள் 9-இல் மரங்கள் கூடித் தங்களுக்கு ராஜா தேடுகின்றன. அந்தப் பக்கத்தையும் கிழிப்போமா?

"எபேசுவில் எரித்தார்களே" என்று வருவீர்கள், தெரியும். அப்போஸ்தலர் 19-ஐ முழுதாக வாசியுங்கள். மாயவித்தை செய்துவந்தவர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு, அவர்கள் நஷ்டம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையைத் திறந்ததாக அங்கே ஒரு வரி இல்லை.

எல்லாக் கதையும் நல்லதா? இல்லை. சிலது குப்பை. அதைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஆவி என்று நீங்கள்தான் பேச்செடுத்தீர்கள். வரன் தேடும்போது 'கிறிஸ்தவர்' என்று போட்டுப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோமே, அந்த ஆவி எந்தக் கதைப்புத்தகத்திலிருந்து ஏறியது? ராகுகாலம் கழியட்டும் என்று நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைத்தவர்கள் அன்று முன்வரிசையில் அல்லேலூயா சொன்னார்கள். அவர்கள் பையை யாரும் திறக்கவில்லை. ராத்திரி தூங்காமல் "பெரியம்மா, எனக்குள்ள பிசாசு இருக்கா?" என்று கேட்டது எங்கள் வீட்டுப் பிள்ளை.

"இவ்வளவு பேசுகிறீர்களே சிஸ்டர், உங்கள் ஜெப ஜீவியம் எப்படி?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கைக் கர்த்தரிடம் காட்டிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளையிடம் எடுத்தது பள்ளி நூலகத்துப் புத்தகம், புதன்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். சாக்கு யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.