கைப்பேசியே கணினியாக உள்ளவர்களுக்கு

மேசைக் கணினியின் வசதிகளைக் கைப்பேசிக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது மடிக்கணினியைத் தூக்கிச் சுமக்க அலுத்துப்போன அலுவலக அதிகாரிகளின் தேவையாகவே பேசப்படுகிறது. நிறுவனங்களும் அப்படித்தான் நினைக்கின்றன போலும். அந்த வசதிகளை விலை உயர்ந்த கைப்பேசிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து தொண்டி வரையிலான எங்கள் கரையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே பல வீடுகளில் கணினி என்று இருப்பதே கைப்பேசிதான். படகுக் கணக்கு, மகளிர் குழுத் தீர்மானம், கல்லூரிக்குப் போகும் பிள்ளை எழுதித் தர வேண்டிய கட்டுரை, மீன்வளத் துறைக்கு அனுப்பும் மனு ஆகிய எல்லாமே உள்ளங்கை அளவுத் திரையில் நடந்தாக வேண்டும். ஆகவே விசைப்பலகை, மவுஸ், பெரிய திரை ஆகியவற்றோடு இணைந்து உழைக்கும் திறன் முதலில் வர வேண்டியது விலை குறைந்த கைப்பேசிக்குத்தான் என்று சொல்வேன்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இங்கே பல பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உப்புக்காற்று எந்த இயந்திரத்துக்கும் கருணை காட்டுவதில்லை. பேட்டரி தளர்ந்து, விசைகள் ஒட்டிக்கொண்டு, பழுது பார்க்கக் கேட்கும் தொகையில் ஒரு புதுக் கைப்பேசியே வாங்கிவிடலாம் என்ற நிலை வந்ததும், அவற்றில் பல பரணுக்கு ஏறிவிட்டன. கைப்பேசியை மட்டும் எந்தக் குடும்பமும் பழுதடைந்த நிலையில் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

விசைப்படகு கரை சேர்ந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவுகளைக் கழித்து, மீதியைப் பங்கு பிரிக்க வேண்டும். அதை அட்டவணையாகக் கைப்பேசியில் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணை எழுதத் தொடங்கியதும் திரையின் பாதியைத் தொடுவிசைப்பலகை மறைத்துவிடும், எஞ்சிய சில வரிகளில் எது யாருடைய பங்கு என்று பார்க்க மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தவறு எழுதுபவருடையது அன்று. விரலால் தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு தன் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்லும் வழிகாட்டுதல். எக்செல் அட்டவணையில் ஒரு வரியின் இயல்பான உயரமோ 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மவுஸின் கூர்முனைக்கு அளந்து செய்த கட்டத்தில் விரலை வைத்தால், தொட வேண்டிய எண்ணை விரலே மறைத்துவிடுகிறது.

விரல் என்றாலும் எல்லா விரலும் ஒன்றல்ல. தீவுப் பகுதிகளில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் பாறை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். அப்படியும் விரல்நுனி காய்த்துப்போகிறது. தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்தே இயங்குவதால், காய்ந்து தடித்த தோலை அது சரியாக உணர்வதில்லை. திரையில் உப்புநீர்த் துளி பட்டால் அதையே விரலென்று எண்ணிக்கொள்ளும். இவர்களுக்கு ஒரு சாதாரண மவுஸ் செய்யும் உதவியை எந்தப் புதிய செயலியும் செய்துவிட முடியாது.

வெட்டி ஒட்டும் வசதியை 1970களிலேயே செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் உருவாக்கிவிட்டார். 2007இல் வந்த ஐபோனில் அது இல்லை, 2009இல்தான் சேர்த்தார்கள். பார்ப்பதற்கும் கேட்பதற்குமான கருவியாகவே கைப்பேசி எண்ணப்பட்டது, எழுதித் திருத்துவது பின்னால் சேர்ந்த எண்ணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்றும் கண்ட்ரோல் இசட் அழுத்துவது போல, செய்ததை நீக்கும் வழி பல செயலிகளில் கண்ணில் படுவதில்லை. ஐபோனில் கைப்பேசியைக் குலுக்கினால் கடைசியாக எழுதியதை நீக்கலாம். படகில் போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடாகத் தெரியவில்லை.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2011இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸ், 2015இல் மைக்ரோசாஃப்ட்டின் கன்டினியம், 2017இல் சாம்சங் டெக்ஸ் எனக் கைப்பேசியைத் திரையோடு இணைத்துக் கணினியாக்கும் ஏற்பாடுகள் வந்தன. முதல் இரண்டும் நிலைக்கவில்லை. இவற்றில் எனக்குள்ள மனக்குறை, மேசைக் கணினியின் தோற்றத்தைப் படியெடுப்பதில் காட்டிய அக்கறையைக் கைப்பேசித் திரையிலேயே வேலையை எளிதாக்குவதில் காட்டவில்லை என்பது. 2020இல் ஐபேடில் மவுஸ் இணைக்கும் வசதி முழுமையாக வந்தபோது, அம்புக்குறிக்குப் பதிலாக ஒரு சிறு வட்டத்தை வைத்து, பொத்தானுக்கு அருகில் வந்ததும் அது பொத்தானின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். பழையதை அப்படியே ஒட்டாமல், தொடுதிரையின் இயல்பறிந்து செய்த வேலை அது. விலைதான் நமக்கு எட்டாதது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தடை இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தட்டச்சு வகுப்புக்குப் போய்த் தமிழ் லோயர், ஹையர் தேர்ச்சி பெற்ற பெண்கள் எத்தனையோ பேர். பத்து விரலும் பழகிய அந்தத் திறமைக்குக் கண்ணாடித் திரையில் இடமில்லை. இரண்டு கட்டைவிரல்களால் தட்டித் தடவுகிறார்கள். சரி, விசைப்பலகையை இணைத்துவிடலாம் என்றால், ஆண்ட்ராய்டு அதை 2011ஆம் ஆண்டின் 3.1 பதிப்பிலிருந்தே ஏற்கிறது என்றாலும், நான் கையாண்ட கைப்பேசிகளில் வெளி விசைப்பலகைக்கான மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு 1999இல் வரையறுக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அதை ஒரு கைப்பேசியோடு சேர்த்துத் தருவதில் என்ன சிரமம் என்று எனக்கு விளங்கவில்லை. குரலால் எழுதலாமே என்பார்கள். முதல் வரைவுக்கு அது நல்ல வழி. ஏலக்கூடத்து இரைச்சலில் அது பயன்படாது. பெயரையும் தொகையையும் திருத்த மறுபடி விரலுக்குத்தான் வர வேண்டும்.

மடிக்கணினி ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு விலையே பதில். கம்பியுள்ள விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்தே ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் வீட்டில் இதற்கும் மடிக்கணினி விலைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. புயல் நாளில் மின்சாரம் போனாலும் கைப்பேசி அணைவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் இடைவெளி விசையின்மேல் விரலை இழுத்தால் கர்சர் எழுத்தெழுத்தாக நகரும். திருத்தும் வேலையில் பாதி எரிச்சல் இதனால் குறையும். எங்கள் காற்றில் சார்ஜ் துளை விரைவில் பச்சை பூத்துவிடுவதால், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கம்பியில்லாத ப்ளூடூத் விசைப்பலகையே மேல். கம்பியுள்ளது கைப்பேசியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் என்பதும் ஒரு காரணம். வீட்டுத் தொலைக்காட்சியில் கம்பி வழியாகப் படம் காட்ட வேண்டும் என்றால் கைப்பேசி வாங்கும்போதே கவனிக்க வேண்டும்: விலை குறைந்தவற்றில் டைப்-சி துளை இருந்தாலும் பெரும்பாலும் அது பழைய யூஎஸ்பி 2.0 வேகத்தில் இயங்குவது, படத்தை வெளியே அனுப்பாது. கடைக்காரர் கேமராவின் மெகாபிக்சலைச் சொல்லத் தொடங்கினால் சற்று நிறுத்தி, விவரக் குறிப்பில் படத்தை வெளியே அனுப்பும் வசதியான டிஸ்பிளே போர்ட் என்று போட்டிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.