காப்பு என்பது முழுத் தடை அல்ல

‘இன்சுலேட் செய்துவிட்டால் உள்ளே எதுவும் போகாது, வெளியே எதுவும் வராது, வசதியானவர்களும் அப்படித்தான், விலைவாசி அவர்களைத் தொடவே தொடாது’ என்று ‘இன்சுலேட்’ (காப்பிடுதல்) என்ற சொல்லுக்கு ஒருவர் விளக்கம் எழுதியிருக்கிறார். இரண்டு பாதியிலும் ஒரே பிழை.

வெப்பக்காப்பு வெப்பத்தின் ஓட்டத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை; இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. அசையாத காற்று கண்ணாடியைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அதனால் பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் மெதுவாகத்தான் உருகும் (பலர் நேர்மாறாக நினைக்கிறார்கள்). 1892-இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் உருவாக்கிய வெற்றிடக் குடுவையிலும் (நம் பிளாஸ்க்) கழுத்து வழியாகவும் கதிர்வீச்சாலும் வெப்பம் கசிகிறது. காலையில் பிளாஸ்க்கில் ஊற்றிய வெந்நீரை மறுநாள் திறந்து பாருங்கள், தெரியும். மின்காப்பும் அப்படியே. காற்று நல்ல காப்புதான், ஆனால் மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வந்தால் பொறி தாவிவிடும்.

சரி, உருவகப் பொருளுக்கு வருவோம். ‘இன்சுலேட்’ என்ற சொல்லின் வேர் ‘தீவு’ என்று பொருள்படும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல். இன்சுலின் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான், கணையத்தில் தீவு தீவாக இருக்கும் செல்களால். தீவு என்றதும் முழுத் துண்டிப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சேமிப்பு உள்ள குடும்பத்தையும் விலை உயர்வு எட்டும்; தாமதமாக, குறைவாக எட்டும். அந்தத் தாமதத்தில் அவர்களால் யோசித்துத் திட்டமிட முடிகிறது, சேமிப்பு இல்லாதவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. ‘தொடவே தொடாது’ என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.