இன்னொரு தடவை ஊற்ற முடியாது

கோவிலில் ஒரு குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கிற அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஃபாதர், ஃபோகஸ் ஆகல, இன்னொரு தடவை ஊத்துங்க" என்கிறார் போட்டோகிராபர். பங்குத்தந்தை முடியாது என்கிறார். அன்றிலிருந்து திட்டு முழுக்க பங்குத்தந்தைக்குத்தான். ஆசையாகக் கேட்டார்களாம், ஒரு கை தண்ணீரில் என்ன குறைந்துவிடுமாம்.

திருமுழுக்கு ஒரு தடவைதான். வாழ்நாளுக்கே ஒரு தடவை. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 845ஆம் பிரிவு இதை எழுதியே வைத்திருக்கிறது. முன்பு கொடுத்தது செல்லுமா என்று விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டும், "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். படம் சரியாக விழாதது அந்தச் சந்தேகத்தில் சேராது.

"வார்த்தை சொல்லாமல் சும்மா ஊற்றியிருக்கலாமே" என்று ஒருவர் கேட்கிறார். திருமுழுக்கு போன்ற ஒரு திருவருட்சாதனத்தை (திருச்சபையின் புனிதச் சடங்கை) கொடுப்பதுபோல் நடிப்பது சபைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஒரு படத்துக்காக ஒரு குருவை, அதாவது பாதிரியாரை, அதைச் செய்யச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குரு 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்ற வாக்கியத்தில் 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்கள்' என்று சொல்லிவந்தார். அப்படிக் கொடுத்த திருமுழுக்குகள் செல்லாது என்று 2022இல் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தங்கள் திருமுழுக்கைப் பற்றி விசாரிக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு கவனமாகச் சொல்ல வேண்டிய வார்த்தையின் குறுக்கேதான் "இங்க பாருங்க மேடம்" என்று குரல் கேட்கிறது.

நினைவுக்குப் படம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், தாராளமாக எடுங்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று முறை ஊற்றி முடிக்கச் சில விநாடிதான் ஆகும். குருவுக்கு எதிர்ப்பக்கம், தொட்டியை மறைக்காமல், முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு நின்றால் போதும். முதல்நாளே கோவிலுக்கு வந்து இடம் பார்த்துக்கொள்ளலாம். அதைச் செய்யாமல் சடங்கை நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

குழந்தை வீறிட்டு அழுததற்கும் குருவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பால் கொடுக்கிற வாக்கில் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், தண்ணீர் கழுத்து வழியே நெஞ்சுக்குப் போகிறது. பிடரியை உள்ளங்கையில் தாங்கி, தலையைத் தொட்டிக்கு மேலே சற்றுத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். பூவைத்த தலைப்பட்டையைக் கழற்றியிருக்க வேண்டும், தண்ணீர் தலையில் பட்டு ஓட வேண்டுமே. துவாலை பக்கத்தில் நிற்பவர் கையில் தயாராக இருக்க வேண்டும். எண்ணெய் பூசுவது நெஞ்சில், போட்டிருப்பதோ முதுகில் பட்டன் வைத்த நெட் ஃபிராக். பட்டனைக் கழற்றவே பிள்ளை பாதி அழுதுவிடும். அரை மணி நேரம் முன்னால் பால் கொடுத்திருந்தால் பாதிச் சிக்கல் இல்லை.

குழந்தைக்காக ஏற்றிய மெழுகுதிரி மின்விசிறிக் காற்றில் அணைந்ததும் லைட்டரால் பற்றவைத்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது பாஸ்கா திரியிலிருந்து, அதாவது ஈஸ்டருக்கு ஏற்றுகிற பெரிய மெழுகுதிரியிலிருந்து, எடுக்கிற ஒளி. பாஸ்கா திரி நாலடி தள்ளி எரிந்துகொண்டிருந்தது.

ஞானப்பெற்றோரை, அதாவது பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குத் துணையாகத் திருமுழுக்கில் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாறு வயது நிறைந்து, உறுதிபூசுதல், நற்கருணை என்ற திருவருட்சாதனங்களையும் பெற்று, விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்தவர், நகை போடுகிறவர் என்று பார்த்து நிறுத்துகிறோம். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா" என்று குரு கேட்கும்போது அவர்கள் பதில் சொல்லாமல் கேமராவைப் பார்க்கிறார்கள். அந்த வீடியோவிலும் அப்படித்தான். அதைப் பற்றி ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

முன்பெல்லாம் பிறந்த சில நாளிலேயே கோவிலுக்குத் தூக்கிப்போவார்கள், பெற்றவள் பிரசவப் படுக்கையில் இருப்பாள். 1969இல் வந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்குமுறைதான் தாய்தகப்பனுக்கு முதல் இடம் கொடுத்தது. கடைசி ஆசீரில் முதலில் பிள்ளையை ஏந்திய தாய்க்கு, பிறகு தந்தைக்கு, பிறகு எல்லோருக்கும். அந்த நேரத்தில் அந்தத் தாயை விளக்கு வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கான செபத்தை அவள் கேட்டிருக்கவே மாட்டாள்.

பங்குத்தந்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியவர்கள், தயவுசெய்து அந்தப் பதிவுகளை எடுத்துவிடுங்கள்.